அங்கிச் சைக்கிள்

ஞாயிறு பூசை முடிந்து சனம் மாதா கோயில் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. மழை விட்டு வெயில் ஏறிய நேரம். ஈரச் சரளையின் மணத்தோடு துறைமுகப் பக்கத்து நிலக்கரிப் புகையும் வந்தது. அந்த முற்றத்தின் நடுவில், ஒரு சைக்கிளின் மேல், சவரிமுத்து சுவாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அசைய முடியவில்லை என்பதுதான் சரி. அவருடைய வெள்ளை அங்கியின் ஓரம் சங்கிலியோடு போய்ப் பற்சக்கரத்தைச் சுற்றி இறுகிவிட்டது. ஒரு கால் நுனிவிரலில் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்றக் காலை இந்தப் பக்கம் எடுக்கச் சைக்கிளின் குறுக்குக் கம்பியான பார் விடவில்லை.

அப்பா ஓடிப்போய், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியோடு, சரளையில் முழங்கால் போட்டார்.

"சுவாமி, மெள்ளப் பின்னுக்கு மிதியுங்கோ. முன்னுக்கு இல்லை, பின்னுக்கு!"

"பின்னுக்கு மிதிச்சா இன்னும் உள்ளுக்கை போகுது, செபஸ்தியான்."

"அப்ப அசையாதையுங்கோ."

"நான் எங்கை அசையிறன்? பூமிதான் அசையுது."

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளைகள் மூடவில்லை. கடைசியில், மெழுகுதிரியின் திரி நறுக்கும் கத்தரிக்கோலைக் கோயிலுக்குள்ளிருந்து எடுத்து வந்து, அங்கியின் ஓரத்தை நான்தான் வெட்டினேன். சுவாமி இறங்கினார். சுற்றி நின்ற எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பூசைக்குப் பிறகு ஆசீர்வாதம் குடுக்கிறது வழக்கம். இண்டைக்குச் சிரிப்பையும் குடுத்தாச்சு" என்றார். ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

காட்டுக்குள் ஒரு பங்கு

இந்தப் பக்கங்களை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் செபஸ்தியானின் மூத்த மகள் நான். பகலில் கோட்டையில் ஒரு கம்பனியில் இயந்திர வரைபடங்களுக்குப் பிரதி எடுக்கிறேன். பின்னேரம் அப்பாவின் பட்டறை. எந்தச் சிக்கலையும் முதலில் பட்டியலாக்கிவிடுவேன். இது அப்பாவுக்குச் சிரிப்பு, அம்மாவுக்குக் கவலை.

சவரிமுத்து சுவாமி அப்போது வன்னியில் ஒரு பங்குக்குப் புதிதாகப் போயிருந்தார்; சைக்கிள் தேடித்தான் கொழும்புக்கு வந்திருந்தார். பங்கு என்றால் கொட்டாஞ்சேனையைப்போல மணி அடித்தால் எல்லோருக்கும் கேட்கிற இடம் அல்ல. ஒரு குளம், அதைச் சுற்றி ஒரு ஊர். பிறகு காடு. பிறகு இன்னொரு குளம், இன்னொரு ஊர். எல்லா ஊருக்கும் அவர் ஒருவர்தான் குரு, எல்லா இடத்துக்கும் நடைதான்.

போன மாரி மழையில் ஒரு ஊரிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெண்ணுக்குக் கடுமை, அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று. சாகப்போகிறவருக்குக் குரு கடைசியாக எண்ணெய் பூசிச் செபிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அது கிடைக்காமல் ஒருவர் போவது எங்களுக்குப் பெரிய துக்கம். பல வருடம் கழித்தும் வீட்டில் அதைச் சொல்லி அழுவார்கள். சுவாமி உடனே வெளிக்கிட்டார். எங்கள் வீட்டில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது:

"நான் போய்ச் சேரேக்கை எல்லாம் முடிஞ்சு, தலைமாட்டிலை மெழுகுதிரி எரிஞ்சுகொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின்ர தாய் என்னைக் குறை சொல்லேல்லை. 'சுவாமி, கால் கழுவுங்கோ' எண்டு தண்ணி தந்தவ. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

இதனால்தான் அவருக்குச் சைக்கிள் வேண்டியிருந்தது. அவரைப்போல இன்னும் பலருக்கும்.

துவிச்சக்கர வண்டி

குருக்களுக்குச் சைக்கிள் சேர்க்கும் வேலையைப் பொறுப்பெடுத்திருந்தவர் ஹென்றி சுவாமி. பிரான்சிலிருந்து இளவயதில் மிஷனரியாக வந்தவர். தமிழைப் பழைய புத்தகங்களில் படித்ததால், சந்தையில் மீன்காரியோடு கதைத்தாலும் பிரசங்கம்போலவே இருக்கும். உலக யுத்த காலம், இங்கிலாந்திலிருந்து புதுச் சைக்கிள் வருவது நின்றுவிட்டது. ஆகவே அவர் ஒரு ஞாயிறு அறிவித்தார்: "கானகத்திலும் கடற்கரையிலும் நடந்து நலியும் குருக்களுக்கு, ஆடவர் ஏறும் துவிச்சக்கர வண்டிகளைத் தந்துதவுங்கள்." பழையதைத் திருத்திக் கொடுக்க அப்பா ஒத்துக்கொண்டார். கொம்பனித்தெருவிலிருந்து இரும்பு ஒட்டு வேலைக்கும் வர்ண வேலைக்கும் ஹனீபா நானா வந்தார். அவரும் அப்பாவும் சிறுவயதிலிருந்து ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே வேலை செய்பவர்கள்.

நானும் அப்பாவும் வெள்ளவத்தையில் வீடு வீடாகப் போனோம். அங்கே எங்கள் மாமி வீட்டு ஒழுங்கை கடல் வரை போகும். முடிவில் ரயில் பாதை, அதற்கப்பால் அலை. ஒழுங்கையில் ஏறக்குறைய எல்லா வீட்டு ஆண்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"என்ர சைக்கிளைத் தந்தா நான் கந்தோர் வேலைக்கு எப்பிடிப் போறது? பெற்றோலும் இல்லை."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுப்பார்: "மகளின்ர சைக்கிள் கொட்டிலுக்கை சும்மா கிடக்குது. அதைக் கொண்டு போகச் சொல்லுங்கோ."

வெள்ளவத்தையில் இது ஒரு வழக்கம். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பார்கள். கல்யாணம் பேசத் தொடங்கியதும் அது கொட்டிலுக்குள் போய்விடும். பிறகு யாரும் தொடுவதில்லை. விற்பதும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மாப்பிள்ளை வீட்டார் வந்து போன அன்றே தன் சைக்கிளைப் பழைய போர்வையால் மூடிக் கட்டினாள், கிளிக் கூட்டை மூடுவதுபோல. நான் சொல்ல வந்த விடயம் வேறு. ஆனால் அந்தச் சைக்கிள்களின் நிலை எப்படி இருந்தது என்பதற்கு இது முக்கியம். மணி பளபளத்தது. மிதிகட்டையில் தேய்மானமே இல்லை. கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில், குண்டு விழுந்த பிறகு கொழும்பைவிட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பங்கள் விட்டுச் சென்றவையும் அதே வகைதான்.

"ஆடவர் ஏறும்" என்று அறிவித்திருந்ததால் அவற்றை வேண்டாம் என்றிருக்க வேண்டும். அப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. பட்டறையின் பின்பக்கத்தில் அடுக்கிவைத்தோம். ஹனீபா நானா, 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்று சொல்லும் தன் பேச்சில், அதற்குப் பெயரே வைத்துவிட்டார்.

"ஒங்கட கோயில்லதான் ஆம்புள பக்கம், பொம்புள பக்கம் எண்டு ரெண்டு ஈக்குதே. இப்ப பட்டறையிலயும் ஈக்கி."

ஆண்கள் பக்கத்தில் நின்றவை எல்லாம் கிழடுகள். அவற்றில் ஆகத் தேறியதைத்தான் அன்று சவரிமுத்து சுவாமிக்கு ஓடிப்பார்க்கக் கொடுத்தோம்.

பட்டியலில் நாலாவது

முற்றத்தில் கத்தரிக்கோலோடு நின்றபோதே மனதில் எழுதிக்கொண்டேன். ஒன்று, சங்கிலிக்கு மூடி இல்லை. இரண்டு, உடுப்புச் சிக்காமல் தடுக்கப் பின் சக்கரத்துக்கு வலை இல்லை. மூன்று, பார் குறுக்கே நிற்கிறது. நாலு, சுவாமி உடுத்திருப்பது அங்கி.

நாலாவதை எழுதியதும் மற்ற மூன்றும் தாமாக விளங்கிவிட்டன.

அங்கி உடுத்த ஆண்கள் கூடி, கால்சட்டை போட்டவர்களுக்கான சைக்கிளைக் கேட்டிருந்தார்கள். ஆண் என்றால் ஆண்கள் சைக்கிள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கோயில் நிறைந்த சனத்தில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. சேலைக்கும் பாவாடைக்கும் என்ன வேண்டுமோ அதுவேதான் அங்கிக்கும் வேண்டும். அது எங்கள் பட்டறையின் பின்பக்கத்தில், பளபளத்த மணிகளோடு, அடுக்கிக் கிடந்தது.

ஒரு குறை இருந்தது. ஒற்றைக் குழாய்ச் சட்டம், வெள்ளவத்தை ஒழுங்கைக்குப் போதும். காட்டுப் பாதையில், பூசைப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனால் முறுகும். மருதானையில் மாலை வகுப்பில் எத்தனையோ பையன்களுக்கு நடுவே தனிப் பெண்ணாக உட்கார்ந்து நான் கற்றது இதைத்தான்: பாரம் எங்கே விழுகிறது, அதை எந்தக் குழாய் தாங்குகிறது. திருத்த முடியாத ஆண்கள் சைக்கிள்களின் பாரை அறுத்து எடுத்து, பெண்கள் சைக்கிளின் சாய்ந்த குழாய்க்குக் கீழே இரண்டாவதாக ஒட்டினால் சட்டம் முறுகாது. சங்கிலிக்கு முழு மூடி. சக்கரத்துக்கு, முகத்துவாரத்து வலைக்காரர்களின் நூலில் புது வலை. பூசைப் பெட்டிக்கு அளவான கெரியர்.

எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் வரைந்தேன். வரைபடத்தின் வலது கீழ் மூலையில் பொருளின் பெயரை எழுத ஒரு கட்டம் உண்டு. 'பெண்கள் சைக்கிள்' என்று எழுதப் பேனாவை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அது இப்போது பெண்கள் சைக்கிள் இல்லையே. 'அங்கிச் சைக்கிள்' என்று எழுதினேன்.

ஹென்றி சுவாமி தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"மகளே, இது மாதர் ஏறும் வண்டி அன்றோ?"

"இல்லை, சுவாமி. கீழை மூலையைப் பாருங்கோ."

கண்ணாடி போட்டு வாசித்தார். "அங்கிச்... சைக்கிள். இச்சொல் எந்த அகராதியில் உளது?"

"இன்னும் ஒண்டிலையும் இல்லை, சுவாமி. அங்கி போடுறவைக்கான சைக்கிள்."

அவர் குனிந்து தன்னுடைய அங்கியின் ஓரத்தைப் பார்த்தார். அது பல இடத்தில் தைக்கப்பட்டிருந்தது. நீண்ட நேரம் பார்த்தார்.

"என் ஊரில் நான் என் தாயாரின் வண்டியிலேயே பழகினேன். இதை ஒருவருக்கும் உரையாதே." (இப்போது அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) "நன்று. சவரிமுத்து ஏறுவாராயின் எல்லாக் குருக்களுக்கும் இவ்வாறே செய்யலாம். அவர் ஏறாவிடில் மற்றவரும் ஏறார்."

சனிக்கிழமை வன்னிக்கு லொறி போக இருந்தது. அதை விட்டால் மாரி தொடங்கிவிடும். பாதை வெள்ளத்துக்குள் போகும். அடுத்த லொறி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நோனா எங்கே போகிறாள்?

சவரிமுத்து சுவாமி பட்டறைக்கு வந்தார். ஹனீபா நானா கறுப்பு வர்ணம் அடித்து முடித்திருந்தார். அங்கிச் சைக்கிள் வாசலில் நின்றது. என் கையால் ஒரு பொருள் அப்படி முழுதாக நின்றது அதுதான் முதல்முறை. வேறு எதைப் பார்த்தும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

சுவாமி அதைச் சுற்றி நடந்தார். ஒட்டைத் தடவினார். வலையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, வேலை நல்ல வடிவு. ஆனா இது பொம்பிளைச் சைக்கிள்."

"பேர் அங்கிச் சைக்கிள், சுவாமி."

"பேரை நீங்கள் மாத்தலாம். என்ர சனத்துக்குக் கண் இருக்கல்லோ?" குரலைத் தாழ்த்தினார். "நான் அங்கை போய் ஒரு வருஷமும் ஆகேல்லை. இப்பத்தான் என்ர சொல்லைக் கேக்கத் தொடங்கியிருக்கினம். இதிலை போய் இறங்கினா சிரிப்பினம். ஒருக்காச் சிரிச்சா, பிறகு பிரசங்கத்திலையும் சிரிப்பு வரும். சிரிப்பு வாற சுவாமியிட்டைத் தங்கடை பாவத்தைச் சொல்ல ஆர் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவினம்?"

நான் வாதாடவில்லை. தலைமாட்டு மெழுகுதிரியை நினைவூட்டவும் இல்லை. அது அவர் மறந்த விடயம் அல்ல. முற்றத்தில் அவருடைய காது சிவந்ததையும் நான் பார்த்தவள்.

ஹனீபா நானாதான் வர்ணத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"சாமி, நாளைக்குக் காலையில வெள்ளவத்தைக்கு வாங்க. அங்க ஒங்கள ஆருக்கும் தெரியாது. ஏறவும் வாணாம். சும்மா பாருங்க."

மறுநாள் அப்பாவும் நானும் சுவாமியும் ரயிலில் போனோம். வெள்ளவத்தையில் இறங்கி, மாமி வீட்டு ஒழுங்கையின் முகப்பில், காலி நகருக்குப் போகும் பெரிய வீதியைப் பார்த்து நின்றோம். நானாவைக் காணவில்லை. அப்பா ஏசத் தொடங்கினார். அப்போது தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது.

கொள்ளுப்பிட்டிப் பக்கத்திலிருந்து, வீதியின் நடுவில், நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஹனீபா நானா வந்தார். தலையில் தொப்பி. இடுப்பில் கோடு போட்ட சாரம். அது காற்றில் விரிந்தது, ஆனால் எதிலும் மாட்டவில்லை. கொம்பனித்தெருவிலிருந்து அங்கிச் சைக்கிளை அவர் மிதித்தே கொண்டுவந்திருந்தார்.

"இதிலையோ இவ்வளவு தூரமும் வந்தனீங்கள்?" என்றார் சுவாமி.

"வேற எதுல? பார் வெச்ச பைசிக்கல்ல சாரனோட ஏறி எறங்குற பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். இது ராஜா மாதிரி ஈக்கி."

"ஒருத்தரும் சிரிக்கேல்லையோ?"

"சிரிச்சாங்க, சாமி. பொய் செல்ல மாட்டன். கொள்ளுப்பிட்டிச் சந்தியில பொலிஸ்காரன் ஒருத்தன், 'நோனா, கொஹேத யன்னே?' எண்டு சிங்களத்துல கேட்டான். தாடி வெச்ச என்னப் பொம்புளயாக்கி, நோனா எங்க போறா எண்டு!"

"பிறகு?"

"பொறகென்ன? அவன் அங்கயே நிக்கிறான். நான் இங்க வந்துட்டன்."

அப்பா சிரித்தார். சுவாமி சிரிக்கவில்லை. அவர் நானாவின் சாரத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், நானா வந்த வீதியைப் பார்த்தார். "அவன் அங்கை நிக்கிறான்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு ஹேண்டிலைப் பிடித்தார்.

காலைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. நடப்பதுபோல உள்ளே அடியெடுத்து வைத்து ஏறினார். முதல் இரண்டு வீடு வரை ஆட்டம். மூன்றாவது வீட்டு மதிலருகே நேராகிவிட்டார். அங்கி இரண்டு பக்கமும் ஒழுங்காக விழுந்திருந்தது. ஒழுங்கையின் முடிவில், ரயில் பாதைக்கு முன்னால், இளநீர்க் குரும்பை விற்கிறவர் கத்தியை உயர்த்தி, "ஷோக், பாதர்! ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் பாராட்டிக் கத்தினார். சுவாமி கையை எடுத்து அவருக்கு ஆசீர்வாதம் கொடுக்கப் போனார். சைக்கிள் வளைந்தது, கையைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

கடற்காற்றில் தலைமயிர் எல்லாம் நிமிர்ந்து நிற்கத் திரும்பி வந்து இறங்கினார்.

"தங்கச்சி, லொறி சனிக்கிழமை எத்தனை மணிக்கு வெளிக்கிடுது?"

மாரிக்குப் பிறகு

அந்தச் சனிக்கிழமை லொறியில் எங்கள் பட்டறையின் கறுப்புச் சைக்கிள் ஒன்று போனது. அடுத்த ஞாயிறு ஹென்றி சுவாமி பிரசங்க மேடையில் நின்று, "இனி மாதர் வண்டிகளும் மகிழ்வோடு ஏற்கப்படும்" என்றார். வெள்ளவத்தைக் கொட்டில்கள் வெறுமையாயின. போர்வையால் கட்டி வைத்திருந்த அந்த அக்காவும் கணவரோடு வந்து தன்னுடையதைத் தந்தாள். "நல்ல தூரம் போகவேணும், என்ன?" என்று என்னிடம் உறுதி கேட்டுக்கொண்டு போனாள்.

மாரி முடிந்து பாதை காய்ந்தபின் சவரிமுத்து சுவாமி குருக்களின் தியானத்துக்குக் கொழும்புக்கு வந்தார். சைக்கிளையும் ரயிலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவரோடு கதைக்கும் முன் நான் அதைத்தான் பார்த்தேன். பிரேக் கட்டை இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. டயரின் பூ தேய்ந்து மழுங்கியிருந்தது. கறுப்பு வர்ணத்துக்கு மேலே செம்மண் படிந்து, கழுவியும் போகாத நிறமாகிவிட்டது. இரண்டாவது குழாயின் ஒட்டில் ஒரு மயிர்க் கீறல்கூட இல்லை. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"சனம் சிரிச்சவையோ, சுவாமி?"

"ஓம், சிரிச்சவை. நல்லாச் சிரிச்சவை." உட்கார்ந்து கொண்டார். "குளத்துக்கு அங்காலை ஒரு ஊரிலை சந்தியாப்பிள்ளை எண்டு ஒரு கிழவர். மாரி நேரம், அவருக்குக் கடுமை எண்டு ஆள் வந்தது. குளக்கட்டாலை மிதிச்சுப் போனன். வாசல் பக்கம் பாத்துச் சாய்ஞ்சிருந்தார். நான் வந்து இறங்கினதைக் கண்டார். கண்டு சிரிச்சார், பாருங்கோ. சிரிச்சுக்கொண்டுதான் பாவசங்கீர்த்தனம் தொடங்கினார். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் போனவர்."

கையை நீட்டி மிதிகட்டையை ஒருமுறை சுற்றிவிட்டார்.

"அண்டைக்கு நான் நடந்து போயிருந்தா, அங்கை சிரிக்கிறதுக்கு ஆள் இருந்திராது."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு டயர் தேடப் போனார். நான் வேலையைத் தொடங்கினேன். சங்கிலி மூடியின் கீழ்த் திருகு தளர்ந்து, மிதிக்கும்போது கடகடவென்று அடித்தது. இறுக்க ஸ்பானரை வைத்தேன். சுவாமி அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"அதை மட்டும் இறுக்காதையுங்கோ, தங்கச்சி."

"கழண்டு விழுந்திடும், சுவாமி."

"சந்தியாப்பிள்ளையின்ர பெண்சாதி சொன்னவ. நான் குளக்கட்டிலை வரேக்கையே இந்தச் சத்தம் கேட்டதாம். 'சுவாமி வாறார், என்னை நிமித்தி வையுங்கோ' எண்டு மனுசன் கேட்டவராம். இப்ப எல்லா ஊரிலையும் இதுதான் எனக்கு மணி."

சத்தம் போடாமல் ஓடச் செய்வதுதான் எங்கள் தொழில். சத்தம் போட வேண்டும், ஆனால் கழன்று விழக்கூடாது என்று யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. யோசித்தேன். திருகைத் தளர்வாகவே விட்டு, பின்னால் இன்னொரு நட்டைப் போட்டு அதை அந்த நிலையிலேயே பூட்டினேன். வரைபடத்திலும் குறித்தேன்: கீழ்த் திருகை முழுதாக இறுக்க வேண்டாம், சத்தம் வர வேண்டும்.

பிறகு சோதித்தோம். அப்பா எங்கள் ஒழுங்கையின் இந்தப் பக்கம் நின்றார், சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை கையை உயர்த்திப் பிடிப்பதாக, கேட்காமல் போனால் இறக்குவதாக. ஹனீபா நானா சாரத்தைச் சரிசெய்துகொண்டு ஏறி மிதித்தார். கடகட, கடகட. முதலாவது விளக்குத் தூண் தாண்டினார். பாண் பேக்கரி தாண்டினார். ஒழுங்கை முடிந்து பெரிய வீதிக்குத் திரும்பி, கண்ணுக்குத் தெரியாமல் போனார். ரிக்சாக்களின் சத்தம், துறைமுகத்துச் சங்கொலி, பக்கத்து வீட்டில் உரல் இடிக்கும் சத்தம்.

அப்பாவின் கை இறங்கவில்லை.